காப்புக் கையில் ஒரு கோப்பை

என் தம்பி பாலசந்தரைப் பற்றி யாராவது கேட்டால், பர்மாவின் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் சைக்கா மிதிக்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன். மூன்று சக்கர வண்டிக்காரனுக்கு வேறென்ன கதை வேண்டும்? ஆனால் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

பதினோரு வருடம் அவன் ஊசியில் 'வெள்ளை' ஏற்றிக்கொண்டான். ஹெராயினுக்கு எங்கள் சந்தில் அதுதான் பெயர். இரண்டு முறை ஜெயிலுக்குப் போய்த் திரும்பியும் விடவில்லை. என் தையல் மெஷின் போனது, கடைசியில் வீட்டுத் தகரக் கதவும் போனது. அவனைத் தலைமுழுகிவிட்டேன்.

அவனை மீட்டது ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பை. ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் மெத்தடோன் என்கிற மருந்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள். நர்ஸ் ஹமீதுன்னிசாவின் கண் முன்னாலேயே குடிக்க வேண்டும். குடித்தால் உடம்பு வெள்ளையைக் கேட்பதில்லை. ஆறு வருடமாகக் குடிக்கிறான், வண்டி மிதிக்கிறான், என் குழம்பில் உப்பு இல்லை என்கிறான். ஆள் தேறிவிட்டான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த நன்றிக்குத்தான் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டான். இந்த வருடத் திருவிழாவில் கையில் மஞ்சள் கயிற்றுக் காப்பும் கட்டிக்கொண்டான். நாலாம் நாள் காலை அவன் வீட்டுக்குப் போனால் சுருண்டு கிடக்கிறான். மூக்கு ஒழுகுகிறது. எலும்பெல்லாம் குடைகிறது என்று முனகுகிறான். பத்து நாள் விரதம் தாங்காத உடம்புக்கு வேண்டுதல் ஒரு கேடா என்று ஏசினேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எங்கள் சந்தில் வெள்ளை விற்கும் தனசேகரன். பர்மிய மரியாதையோடு 'கோ சேகர்' என்று கூப்பிடாவிட்டால் ஐயாவுக்குக் கோபம் வரும். பதிலுக்கு வேணி என்கிற என்னை 'மா வேணி' என்பான்.

"தம்பிக்கு மேலுக்கு முடியலயாமே, மா வேணி? பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஆறு வருசமா எட்டிப் பாக்காதவனுக்கு இன்னைக்கு என்னய்யா பாசம்?"

அவன் ஒளிக்கவே இல்லை. "போலீசு வந்தா ரெண்டு நாளு பதுங்குவேன், மூணாம் நாளு யாவாரம் நடக்கும். அந்த ஆஸ்பத்திரிக் கப்புதான் என் வயித்துல அடிச்சுது. ஓசியா குடுத்தா எங்கிட்ட எவன் வருவான்? இப்படி எவனாச்சும் அந்தக் கப்ப நிறுத்துனாத்தான் உண்டு."

துடைப்பத்தை எடுத்தேன். கோ சேகர் மரியாதையாகப் போய்விட்டார்.

"ஏண்டா மருந்த நிறுத்துன?"

பாலசந்தர் மணிக்கட்டைக் காட்டினான். "காப்பு கட்டுனா லாகிரி தொடக்கூடாதுக்கா. குழியில இறங்குறப்ப பூசாரி ஒவ்வொருத்தனா கேப்பாரு, விரதம் சுத்தமான்னு. அம்மா முன்னால பொய் சொல்லச் சொல்றியா?"

பதினோரு வருடம் வாயைத் திறந்தாலே பொய் சொன்னவன்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் இப்படியே விட்டால் பொழுது சாய்வதற்குள் சேகரைத் தேடி இவனே போய்விடுவான். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு அப்துல் பாரி மிதிக்க, தம்பி தன் வண்டியிலேயே சவாரியாக ஆஸ்பத்திரிக்குப் போனான். ஹமீதுன்னிசா எங்களை ஒரு பிடி பிடித்தாள். "சுகருக்கு ஊசி போடுறவரு விரதம்னு நிறுத்துவாரா? இது மருந்துய்யா!" இடையில் நாள் விட்டுப்போனதால் டாக்டரைக் கேட்டு, அளவைக் குறைத்துக் கொடுத்தாள். அவன் கோப்பையைப் பிடித்தபடி காப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"குடிடா. பாவம்னா அது என் தலையில" என்றேன். குடித்தான்.

எல்லாப் போதையையும் சர்க்காரே விற்றால் வெள்ளை காய்ச்சும் மலைப்பக்கத்துப் பெரிய கும்பல்கள் படுத்துவிடும் என்று டீக்கடையில் ஒருவர் சொல்வார். ஊரே நாசமாகும் என்று இன்னொருவர் மேசையைத் தட்டுவார். எனக்கு மலையைப் பற்றித் தெரியாது. எங்கள் சந்து தெரியும், அதன் வியாபாரி என் வாசலில் நின்று புலம்பியது தெரியும்.

பத்தாம் நாள் மாலை. குழியில் கங்கு தகதகவென்று கிடந்தது. பூசாரி வேலப்பன் ஓரமாக நின்று ஒவ்வொருவரையும் கேட்டு அனுப்பினார். தம்பியின் முறை வந்தது.

"விரதம் சுத்தமா?"

"தெரியலீங்க. காலையில ஆஸ்பத்திரியில மெத்தடோன் குடிச்சேன். நாளைக்கும் குடிப்பேன். கூடாதுன்னா திரும்பிப் போயிர்றேன்."

எங்கள் சந்து ஜனம் முழுவதும் அதைக் கேட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இந்த ஆறு வருடமும் இந்த ஒரு வார்த்தையில் போய்விடுமோ என்று பயந்தேன்.

பூசாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ எதுக்கு வேண்டிக்கிட்ட?"

"அந்தக் கப்பு கெடச்சதுக்குத்தாங்க."

"அப்ப அம்மா குடுத்ததக் குடிச்சுட்டுத்தான வந்திருக்க. இறங்கு."

நடந்தான். மறுகரையில் பால் ஊற்றிய பள்ளத்தில் கால் நனைத்து நின்று என்னைத் தேடினான். மாரியம்மனுக்கும் ஹமீதுன்னிசாவுக்கும் சேர்த்து அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

மறுநாள் காலை அவனோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்துக்குப் பெயர் கொடுக்க இரண்டு பேர் மஞ்சள் வேட்டியோடு வந்து நின்றார்கள். இருவரும் அதுவரை கோ சேகரிடம் போய்க்கொண்டிருந்தவர்கள்.