ஹபீல் கிழித்த இருபத்தேழாம் பக்கம்

1932ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹபீலுக்கு முப்பத்தெட்டு வயது. எழுதிய நூல் ஒன்று. அச்சிட்ட பிரதிகள் நானூறு. விற்றது ஒன்று. அதை வாங்கியவரும், கண்டியில் திருகோணமலை வீதியில் இருந்த ஹபீலின் கடைக்குள் மழைக்கு ஒதுங்கி, சும்மா நிற்கக் கூச்சப்பட்ட ஒரு மனிதர்.

மிச்சம் எல்லாம் வீட்டில். மனைவி றம்லத்தின் அலுமாரியில் பாதி, கட்டிலுக்கு அடியில் பாதி. அலுமாரியிலிருந்து வெளியேற்றப்பட்ட உடுப்புகள் கதிரைகளைப் பிடித்துக்கொண்டதால், வீட்டுக்கு வந்தவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்கள்.

"இந்தப் புத்தகம் போற அண்டைக்குத்தான் எனக்கு சாரி வெக்க எடம் கெடைக்கும்" என்று றம்லத் வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். "துஆ செய்ங்க."

நூலின் பெயர் 'நாற்பது அதிசயமும் அவற்றின் காரணமும்'. சிறுவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய நாற்பது விஞ்ஞானச் சோதனைகள். முன்னுரையின் கடைசி வரி இப்படி இருந்தது: 'இந்நூலிலுள்ள சோதனைகள் யாவும் ஆசிரியர் தம் கைப்படச் செய்து பார்த்தவை.' உண்மையில் பாதியைச் செய்திருந்தார். மீதிப் பாதி சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

நம்புவதற்கும் கழற்றுவதற்கும் என்றே பிறந்தவர் ஹபீல். தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே மெஷினைக் கழற்றினார். அங்கிருந்து துரத்தப்பட்டு, பிலிமத்தலாவையில் கருவாட்டுக் கடை வைத்திருந்த றம்லத்தின் அண்ணன் முனாப்பிடம் போனார். அங்கே தராசைக் கழற்றினார். திரும்பப் பூட்டியபோது ஓர் ஆணி மிஞ்சியது. அன்று முதல் தராசு, கருவாடு வாங்க வந்தவர்கள் பக்கம் சாய்ந்தது. கடையில் கூட்டம் ஏன் திடீரென்று அதிகரித்தது என்று முனாப் கண்டுபிடிக்க ஒரு மாதம் பிடித்தது.

அதன் பிறகுதான் கண்டிக்கு வந்து, சிலேட்டும் மைத்தூளும் கொப்பிகளும் விற்கும் கடையைத் திறந்தார். சிலேட்டில் கழற்றுவதற்கு ஒன்றுமில்லை. ஊருக்குத் திரும்பிப் போகும் ஒரு தோட்டத்துத் துரையின் சாமான்கள் ஏலத்தில் போனபோது, விளிம்பு உடைந்த பீங்கான் கோப்பைகள் ஒரு பெட்டி எடுத்தார். பெட்டியின் அடியில், ஆங்கிலச் சிறுவர்களுக்கான பழைய விஞ்ஞானப் புத்தகம் ஒன்று கிடந்தது. கோப்பைகளை மறந்து அதை வாசித்து முடித்தார். தன் கடையில் பிள்ளைகளுக்கென்று இருந்த தமிழ்ப் புத்தகங்களைப் புரட்டினார். எல்லாம் பொய் சொல்லாதே, அதிகாலையில் எழு என்றன. மின்னல் ஏன் வெட்டுகிறது என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கே எழுத உட்கார்ந்தார்.

தமிழாக்கத்தில் சில இடைஞ்சல்கள் இருந்தன. ஆங்கிலப் பையன் கடற்கரையில் நின்று, தூரப் போகும் கப்பலின் அடிப்பாகம் முதலில் மறைவதைப் பார்த்து, பூமி உருண்டை என்று அறிகிறான். கண்டியில் கடல் இல்லை. ஹபீல் அவனைக் கண்டி வாவிக் கரையில் நிறுத்திப் படகைப் பார்க்கச் சொன்னார். தானும் போய் ஒரு பகல் முழுக்க நின்று பார்த்தார். படகு மறைவதாக இல்லை. 'மிகக் கூர்மையான கண்ணுடையோருக்கு இது புலப்படாமற் போகலாம்' என்று ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தார்.

பெரிய சிக்கல் பதினான்காம் சோதனையில் வந்தது. ஒரு சிறுநீர்ப்பையில் பாதிக்குக் காற்று ஊதிக் கட்டி, நெருப்புக்கு மேலே பிடித்தால், உள்ளே காற்று சூடாகி விரிந்து பை உப்பும். அருமையான சோதனை. ஆனால் ஆங்கிலப் பையன் இறைச்சிக் கடைக்குப் போய் வாங்கிவருவது பன்றியின் பை. ஹபீல் அந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, 'மாட்டின் சிறுநீர்ப்பை' என்று எழுதினார்.

அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் மஹய்யாவையைச் சேர்ந்த கறுப்பையா. அந்த வரி வந்ததும் கோப்பதை நிறுத்திவிட்டு, கையெழுத்துப் பிரதியோடு கடைக்கு வந்தார்.

"மொதலாளி, இது யாருக்கு எழுதுனது?"

"புள்ளைகளுக்கு."

"எங்க புள்ளைகளுக்குமா, ஒங்க புள்ளைகளுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான் கறுப்பையா. ஏன்?"

"மாட்டு மூத்திரப்பைய ஊதச் சொல்றீங்களே. எந்தப் பய வீட்டுக்குள்ள கொண்டாந்து ஊதுவான்? ஊதுனா அவன் ஆத்தா அவன ஊதிப்புடுவா."

"இங்கிலீசுல பண்டி ஈக்கி. அதப் போடவா?"

கறுப்பையா ஹபீலின் தொப்பியைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் வேணாம். ஆடு போட்ருவோம். ஆட்டுக்கு யாரும் கேக்க வரமாட்டாங்க."

ஆடு போட்டார்கள். அது இருபத்தேழாம், இருபத்தெட்டாம் பக்கங்களில், ஒரே தாளின் இரண்டு புறமும், படத்தோடு அச்சாகியது. புத்தகம் வெளிவந்தது. ஒருவரும் கேட்க வரவில்லை. வாங்கவும் வரவில்லை.

இரண்டு மாதம் பொறுத்திருந்த முனாப், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் பிலிமத்தலாவையிலிருந்து வந்தார். உட்காரக் கதிரை இல்லாமல் வாசற்கதவில் சாய்ந்துகொண்டார்.

"மச்சான், என்ட தங்கச்சிட வீட்டில மனிசர் இருக்க எடமில்ல. ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாக்கிறன். அதுக்குள்ள இந்தக் கடதாசி எல்லாம் போகல்லண்டா, கடையப் பூட்டிட்டு என்னோட வாங்க. கல்லாவில இருக்கலாம். கருவாடு நிறுக்க நான் ஈக்கிறன். நீங்க தராசுப் பக்கமே வரப்படாது."

ஹபீலுக்குக் கருவாட்டு வாசம் ஒரு பொருட்டல்ல. கழற்றுவதற்கு ஒன்றுமே இல்லாமல், முனாப்பின் கண்ணுக்கு முன்னால் வாழ்நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். நகரத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றின் தலைமை ஆசிரியர் பெரியதம்பி. யாழ்ப்பாணத்தவர், சுத்த சைவம். அவர் நல்லது என்று சொன்ன புத்தகத்தைச் சுற்றுவட்டாரத் தோட்டப் பாடசாலைகளும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும். ஹபீல் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் அழைப்பு வந்தது. மேசைமேல் இருபத்தேழாம் பக்கம் திறந்து கிடந்தது.

"எல்லாம் கைப்படச் செய்து பாத்ததெண்டு முன்னுரையிலை போட்டிருக்கிறீங்கள்?"

"ஓம் மாஸ்டர்."

"உதையும் ஊதினனீங்களோ?"

"ஊதினன்."

"எப்ப?"

"போன... மழைக்காலம்."

"அப்ப எங்கடை பிள்ளையளுக்கு ஒருக்காச் செய்து காட்டுங்கோ. சரிவந்தால் நான் எல்லாப் பாடசாலைக்கும் எழுதிறன். ஆனா ஆட்டின்ரை சாமான் ஒண்டும் இந்த வளவுக்குள்ளை வரப்படாது."

ஹபீல் சுற்றும் முற்றும் பார்த்தார். சுவரில் ஓர் ஆணியில் பாடசாலையின் கால்பந்து தொங்கியது.

"மாஸ்டர், அந்தப் பந்துக்குள்ள ஈக்கிற றப்பர் பை போதும்."

பெரியதம்பி யோசித்தார். அந்தப் பாடசாலைக்கு இருந்த ஒரே பந்து அது. "சனிக்கிழமை மச் இருக்கு. கவனம்" என்று எடுத்துக் கொடுத்தார். காற்று விரிவதைப் பார்க்க அவருக்கும் ஆசை.

மறுநாள் எல்லா வகுப்புகளும் மண்டபத்தில் கூடின. நடுவில் ஒரு கரி அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில், எதுவும் தவறிவிடக்கூடாது என்று, பெரியதம்பி. ஹபீல் றப்பர் பையில் பாதிக்கு ஊதி, வாயைக் கட்டி, நெருப்புக்கு மேலே பிடித்தார். சுருங்கிக் கிடந்த பை மெல்ல அசைந்தது. ஒரு மடிப்பு நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. யாரும் ஊதாமலே பை உருண்டு திரண்டது.

"அம்மாடியோவ்!" என்று முன்வரிசை கத்தியது. பெரியதம்பி கைதட்டினார்.

இந்த இடத்தில் ஹபீல் தன் புத்தகத்தையே வாசித்திருக்கலாம். 'பை நிறைந்தவுடன் நெருப்பை விட்டு அகற்றுக' என்று அவரேதான் எழுதியிருந்தார். ஆனால் இவ்வளவு பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பையைப் பிடித்தபடியே, காற்று ஏன் விரிகிறது என்று விளக்கினார். புரியாதவர்களுக்காக இன்னொரு முறை விளக்கினார். அதே விளக்கத்தை எளிய தமிழில் தொடங்கினார்.

பை வெடித்தது. கரித் துண்டுகள் பறந்தன. ஒன்று பெரியதம்பியின் வேட்டியில் விழுந்தது. பாடசாலை திறந்த நாளிலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்த மனிதர், ஒரே பாய்ச்சலில் மேசைமேல் ஏறி நின்று வேட்டியை உதறினார். பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"இன்னொரு வாட்டி சார்! இன்னொரு வாட்டி!"

சனிக்கிழமை எதிரணியின் பந்தை வைத்து விளையாடித் தோற்றார்கள். திங்கட்கிழமை பெரியதம்பி, ஓட்டை இல்லாத வேட்டியோடு ஹபீலின் கடைக்கு வந்தார். ஹபீல் அதற்குள் சிலேட்டுகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தார்.

"விஞ்ஞானத்திலை பிழையில்லை" என்றார் பெரியதம்பி. "பை உப்பினது. நான் என்ரை கண்ணாலை பாத்தன். எல்லாப் பாடசாலைக்கும் எழுதிறன். ஒரு நிபந்தனை. உந்தத் தாள் புத்தகத்திலை இருக்கப்படாது. எல்லாத்திலையும் கிழிச்சுப்போட்டுத் தாருங்கோ."

"மாஸ்டர், புத்தகத்தில செஞ்சு காட்டின சோதனை அது ஒண்டுதானே!"

"அதுதான் பயமாக் கிடக்கு. அந்த வாவிப் படகு இருக்கட்டும். அதாலை ஒருத்தருக்கும் ஒண்டும் வராது."

ஹபீல் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நாற்பதிலும் அவர் கூட்டத்துக்கு முன்னால் நின்று வென்றது அந்த ஒன்றில்தான். பின்னேரம் அலுமாரியைத் திறந்தார். அவரும் றம்லத்தும், வேலை முடிந்து வந்த கறுப்பையாவும் பாயில் உட்கார்ந்து கிழித்தார்கள்.

"நான் ஒவ்வொரு எழுத்தாக் கோத்தது" என்றார் கறுப்பையா, ஒரு தாளை இழுத்தபடி. "கிழிக்கிறதுக்கு எவ்வளவு லேசா இருக்கு பாருங்க."

"இன்னம் கொஞ்சம் சுறுக்காக் கிழிங்க" என்றார் றம்லத். "எனக்கு அடுத்த தட்டு வேணும்."

நாற்பது அதிசயம் என்ற பெயரோடு முப்பத்தொன்பது அதிசயங்கள் பாடசாலைகளுக்குப் போயின. முழுப் பிரதி என்று உலகத்தில் இருந்தது, மழைக்கு ஒதுங்கிய மனிதரிடம் மட்டும்தான். றம்லத்தின் உடுப்புகள் அலுமாரிக்குத் திரும்பின. ஹஜ்ஜுப் பெருநாள் அன்று வந்த முனாப்புக்குக் கதிரை கிடைத்தது. அதனால் வட்டிலப்பமும் உட்கார்ந்தே சாப்பிட்டார்.

"போச்சு. எல்லாம் போச்சு" என்றார் ஹபீல். "கடையப் பூட்டத் தேவையில்ல மச்சான்."

முனாப்பின் பார்வை மூலையில் குவிந்திருந்த தாள்களில் நின்றது. ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். வாசிக்கவில்லை.

"நல்ல கடதாசி. ஒரு புடி நெத்தலி சுத்த அளவான சைஸ். இத என்ன செய்யப் போறீங்க?"

ஹபீல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். றம்லத் முந்திக்கொண்டார். "நீங்களே கொண்டு போங்க நானா."

ஹபீலுக்குப் பதிலாக அவருடைய இருபத்தேழாம் பக்கம் கருவாட்டுக் கடைக்குப் போனது. வீட்டுக்கு வீடு நெத்தலியோடு போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வாரத்தில், நெத்தலி வாங்க அனுப்பப்பட்ட பிள்ளைகள், படம் போட்ட தாளில்தான் சுற்ற வேண்டும் என்று முனாப்பிடம் அடம்பிடிக்கத் தொடங்கினார்கள்.

மே மாதம் பிலிமத்தலாவையில் ஒரு பாடசாலையின் பந்து, கரி அடுப்புக்கு மேலே வெடித்தது.