போகித் தீக்குத் தப்பிய பொம்மை

மார்கழி கடைசி விடியலில் திருவொற்றியூரில் யாராவது உங்கள் வாசலில் தீ மூட்டினால் தயவுசெய்து தண்ணீர்க் குடத்தோடு ஓடாதீர்கள். பர்மாவில் மோல்மீனிலிருந்து இனிமேல் கப்பலேறி வரப்போகிற நம்மவர்களுக்காக இதை முதலில் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் வந்த முதல் வருஷம் நான் ஓடினேன். தெரு முழுக்கப் புகை, எங்கோ மேளச் சத்தம். வீடுதான் பற்றிக்கொண்டது என்று குடத்தைக் கவிழ்க்கப் போன என் கையை, எங்களைக் குடிவைத்திருந்த வீட்டுச் சொந்தக்காரி முனியம்மாக்கா எட்டிப் பிடித்தாள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துக் கூடை சுமந்த கை, உடும்புப் பிடி.

“இன்னாமே பண்றே? போகிமே இது. பழச கொளுத்தறோம். உன் வூட்ல இன்னா கீது, எட்த்தா.”

என்னிடம் என்ன இருந்தது? ரங்கூன் துறைமுகத்தில் என் கால் கொலுசைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் கப்பலில் ஏற்றினார்கள். இங்கே நாங்கள் வைத்திருந்த பாயும் பானையும் வாங்கிச் சில மாதமே ஆனவை. எங்கள் பழசெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. என் அப்பா வழி ராமநாதபுரத்துப் பக்கம். எங்களுக்குப் போகி என்றால் வேப்பிலையும் ஆவாரம்பூவும் கூரையில் செருகுவதுதான், கொளுத்துவது இல்லை. “ஒன்னும் இல்லக்கா” என்றேன். நான் கஞ்சத்தனம் பண்ணுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் தீயில் விழக் காத்திருந்த குவியலைப் பார்த்தேன். வீடு கட்டி மிஞ்சிய சிமெண்டுப் பைகள், எழுதி முடித்த நோட்டுகள், கிழிந்த சினிமா நோட்டீஸ்கள். அடடா, நல்ல காகிதம். மோல்மீனில் எங்கள் பக்கத்து வீட்டு டோ சேன் இதைப் பார்த்திருந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பாள். ஊரார் வீசிய காகிதத்தைக் கூழில் ஒட்டி, பகோடா என்கிற புத்தர் கோயில் திருவிழாவுக்குப் பொம்மை செய்து விற்பவள் அவள். எவ்வளவு தள்ளினாலும் எழுந்து உட்காரும் பொம்மை, பெயர் பிச் தைங் டவுங். கல்யாணமாகும்வரை மத்தியானமெல்லாம் நான் அவள் முற்றத்தில்தான் கிடந்தேன். கை சும்மா இருக்குமா? இருமிக்கொண்டே ஒரு கட்டுக் காகிதத்தை இழுத்து இடுப்பில் வைத்துவிட்டேன்.

முனியம்மாக்கா வாசலை மறித்து நின்றாள். வெளியே போன மூதேவியை இவள் திரும்ப உள்ளே கூட்டி வருகிறாளே என்று அவளுக்கு ஆத்திரம். அவள் நியாயம் அவளுக்கு.

“அத்த எட்த்துகினு உள்ள வந்தே, உன் சட்டி பானைய தூக்கிகினு நீயும் வெளிய போய்கினே இரு.”

தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்: “போட்டுரும்மா. பர்மா ஆளுன்னா எவன் வீடு குடுக்குறான்? இதுவும் போச்சுன்னா மறுபடி முகாம்தான்.” அவர் சொன்னது சரிதான். கப்பல் இறங்கியதும் அந்த அகதி முகாமில்தான் கிடந்தோம். ஆனாலும் போட மனம் வரவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவளைப் பார்த்து இதையும் விடு என்றால் கோபம் வராதா? வீட்டுக்குள் போகாமல் நேரே கடற்கரைக்கு நடந்தேன்.

கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மறைவில் என் பட்டறை. முழுத் தேங்காயை அச்சாக வைத்து மேலே காகிதம் ஒட்டினேன், காய்ந்ததும் இரண்டாக வெட்டித் தேங்காயை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தேன். அடியில் களிமண்ணும், தண்டவாளத்தோரம் பொறுக்கிய துருப்பிடித்த நட்டும். படகுக்குப் பூசி எறிந்த பெயிண்ட் டப்பாக்களின் அடியில் ஆடை கட்டிக் கிடந்த சிவப்பும் நீலமும் முகத்துக்கும் உடம்புக்கும். பொங்கல் சமையல் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கேதான். கப்பலைவிட்டு இறங்கிய பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

காணும் பொங்கலன்று ஊரே சோற்று மூட்டையோடு கடற்கரையில். என் பொம்மைகளை மணலில் வரிசையாக வைத்தேன். கூட்டம் சேர்ந்தது. முனியம்மாக்காவும் வந்தாள், இடுப்பில் கைவைத்தபடி.

“தள்ளிப் பாருங்கக்கா, எழுந்திரிக்கும்” என்றேன் பெருமையாக.

ஒரு விரலால் தள்ளினாள். பொம்மை மூக்குக் குப்புற விழுந்து மணலிலேயே கிடந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. டோ சேனின் முற்றம் பலகை பாவியது, மணலில் நிற்காது என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. அழுகை வந்துவிட்டது. முனியம்மாக்கா மட்டும் சிரிக்கவில்லை. பொம்மையை எடுத்து முந்தானையால் முகம் துடைத்தாள்.

“மணல்ல எவதான் நிப்பா? நம்ப வூட்ல சிமிட்டி தரை கீது. தூக்கிகினு வா.”

“அக்கா, இது போகிக் குப்பை.”

“இப்ப இத்த குப்பைன்னு எவ சொல்லுவா? வா, சொல்றேன்.”

வழுவழுவென்ற அந்தத் தரையில் அவளே தள்ளினாள். பொம்மை சாய்ந்தது, ஆடியது, எழுந்து உட்கார்ந்தது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். மறுபடி மறுபடி தள்ளினாள். கடைசியில் பொம்மை வாசலைப் பார்த்து நின்றது. வாசலுக்கு நேரே கடல்.

“இன்னாடி அங்கயே பாக்கறா?” என்று அதைத் திருப்பப் போனாள்.

“கொஞ்ச நேரம் பாக்கட்டும்க்கா.”

கையை எடுத்துக்கொண்டாள். அடுப்படிக்குப் போய் எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்துக்கொண்டே சொன்னாள்: “பாக்கட்டும் பாக்கட்டும். சோறு ஆறிப் போறதுக்குள்ள வந்துட சொல்லு.”