ஓடையில் விட்ட கொதிநீர்

நாலு நெல் ஆலைகளுக்கும் ஒரே பாய்லர். அதிலிருந்து கிளம்பிய குழாய்கள் முள்ளுக்குறிச்சி ஓடையைத் தாண்டி, நெல் அவிக்கும் கொட்டகை ஒவ்வொன்றுக்கும் நீராவி கொண்டுபோயின. நான் மலைமேலிருக்கும் தேவனூர் நாட்டிலிருந்து இறங்கிவந்து அந்தப் பாய்லர் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். விறகும் எங்கள் மலையிலிருந்துதான் வந்தது. இரண்டு வருடத்தில் அடிவாரச் சரிவு மொட்டையானது, ஓடையும் இளைத்துப்போனது.

மத்தியானம்தோறும் பாய்லரின் அடியில் தேங்கும் சேற்றுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன். அது கொதிக்கக் கொதிக்க ஓடையில் விழும். மீன்கள் வெந்து மிதக்கும். அதனால் வால்வைத் திருகுமுன், தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை மூன்று முறை அடிப்பேன். தண்ணீரில் நிற்பவர்கள் கரையேறிவிடுவார்கள். வாய்விட்டுக் கத்த எனக்குக் கூச்சம்.

ஒருநாள் ஆலை மேஸ்திரி அந்தத் துண்டைக் கழற்றி எறிந்தார்.

"நீ மணியடிக்க, மீனு செத்துப்போச்சுன்னு ஊரே வந்து நிக்குது. பூசாரியாடா நீ? தொறடா!"

"ஆளு நிப்பாங்களேங்க..." என்றேன். அது அவர் காதுக்கு எட்டவில்லை.

திறந்தேன்.

கீழே அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் என் அக்கா. ஓடைக்கரையில் குடியிருந்தவள், துணி துவைக்க இறங்கியிருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது. அவளைத் தூக்கிக் கரையில் போட்டபோது அந்தத் தோல் என் கையோடு வந்தது.

அக்கா புருஷன் கொடுவாளோடு பாய்லர் கொட்டகைக்கு வந்தார்.

"எவன்டா தொறந்தது?"

மேஸ்திரி என்னைக் காட்டினார். மச்சான் கொடுவாளைத் திருப்பி, அதன் முதுகால் என் தோளில் போட்டார். காறை எலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது.

"மணி என்னடா ஆச்சு மாப்ளே? உன் மணிய நம்பித்தானேடா தண்ணிக்குள்ள நின்னா!"

கீழே கிடந்தேன்.

"எந்திரிடா, நெருப்பு அணையுது," என்று மேஸ்திரி காலால் நெட்டினார்.

இடது கையில் விறகுக்கட்டை அகப்பட்டது. அவர் முழங்காலில் அடித்தேன். விழுந்தார். முகத்திலும் அடித்தேன். பல்லும் ரத்தமும் சாம்பலில் கொட்டின. மச்சான்தான் என்னைப் பிடித்து இழுத்தார்.

மறுநாள் அடுப்பில் வேறொருவன் நின்றான். தண்டவாளத் துண்டு திரும்ப வரவில்லை. மத்தியானம் தோளைக் கட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனேன். தண்ணீரில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.

"ஏறுங்க! மேல ஏறுங்க!" என்று கத்தினேன்.

"ஏனுங்க, எதுக்கு இப்படித் தொண்ட கிழியக் கத்துறீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி கடைசியாக ஏறினாள்.

அவள் நின்றிருந்த கல்லின்மேல் ஆவி எழுந்தது.