அம்புக்குறி ஒட்டிய முகங்கள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். மங்கலத்தில் அப்பாவும் அம்மாவும் தறி ஓட்டினார்கள். நான் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிரில்தான் புகைப்படச் சங்கம் ஆரம்பித்தேன்.

ஏழெட்டுப் பெண்கள், எல்லோரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். எல்லோருக்குமாக ஒரு பழைய டிஜிட்டல் கேமரா. வாரம் ஒருத்தி எடுத்துப் போவாள். மெமரி கார்டு சின்னது. நல்ல படங்களைப் பிரிண்ட் போட்டதும் கார்டை மொத்தமாக அழித்துவிட்டு அடுத்தவள் கையில் கொடுப்பது எங்கள் வழக்கம். கம்ப்யூட்டர் சென்டர்காரர் தன் கலர் பிரிண்டரில் போட்டுக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நூல் கடை மாடியிலிருந்த காலி அறையில் கூடுவோம்.

அறைக்குக் கடைக்காரர் வாடகை கேட்டதில்லை. ஒருநாள் மேலே வந்து, "சரக்கு வெக்க எடம் பத்தலீங்க கண்ணு" என்றார். "ஒரு கண்காட்சி வெய்யுங்க. நாலு பேரு பாத்துட்டு நல்லாருக்குதுன்னா ரூமு உங்களுக்கே. இல்லீன்னா நூல் மூட்டையை ஏத்திப் போடறனுங்க."

அவர் ஊரில் மரியாதையுள்ள மனிதர் என்பதால்தான் பல வீடுகளில் பெண்களை அனுப்பினார்கள். அந்த அறை போனால் சங்கம் போச்சு.

கண்காட்சிக்கு முந்தின நாள் எனக்குக் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு. படங்களை அட்டையில் ஒட்டி மாட்டும் வேலையைச் சங்கத்திலிருந்த தூத்துக்குடிப் பக்கத்து அக்காவிடம் விட்டேன். கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை; தைத்த பனியனில் குறை கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஒரு தப்பும் இருக்கக் கூடாதுங்க்கா. நல்லா செக் பண்ணீருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால், சுவர் முழுக்கப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் ஒட்டுவோமே, அதேதான். கிழவரின் கன்னத்து மருவுக்கு ஒன்று. தையல்காரியின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்துக்கு இரண்டு. சிரிக்கும் பிள்ளையின் விழுந்த பல்லுக்கு ஒன்று.

"அக்கா, என்னங்க்கா இது?"

"நீதானட்டி செக் பண்ணச் சொன்ன? தப்பெல்லாம் குறிச்சிருக்கேன். மத்தபடி அம்புட்டும் நல்ல பீசுதான்."

நான் ஓடிப்போய் ஒரு ஸ்டிக்கரை உரித்தேன். ராத்திரிப் புழுக்கத்தில் பசை இறுகியிருந்தது. ஸ்டிக்கரோடு கிழவரின் கன்னமும் வந்தது. இன்னொன்றை நகத்தால் நெருடினேன். தையல்காரிக்கு ஒரு கண் இல்லை.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "இரு, இரு, கை வைக்காதே" என்று பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். துணியில் எண்ணெய்க் கறை எடுக்கிற மருந்து. நான் தடுப்பதற்குள் நாலைந்து படங்களில் அடித்துவிட்டாள். பசை இளகியது, மையும் இளகியது. முகங்கள் கீழ்நோக்கி ஒழுகின. அவள் முந்தானையால் ஒற்ற ஒற்ற, சிரிக்கும் பிள்ளை வெறும் நீலமும் மஞ்சளுமாகிப் போனான்.

"திரும்பப் போட்டுக்கலாம்லா? கேமராவுல இருக்கும்லா?"

பிரிண்ட் போட்ட அன்றே கார்டை அழித்தாகிவிட்டது. அது அவளுக்கும் தெரியும்.

கடைக்காரர் வெள்ளை வேட்டியில், சொந்தக்காரர்கள் நாலைந்து பேரோடு ஏறி வந்தார். சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஒரு அம்மா மட்டும், "ஏனுங்க, இந்த அம்பெல்லாம் எதுக்குங்க?" என்றார்.

"நாந்தாங்க ஒட்டுனேன். இந்தப் பிள்ள மேல தப்பில்லீங்க" என்றாள் அக்கா.

யாரிடமும் எதையும் கேட்டு நிற்கக் கூடாது என்றுதான் நான் படித்தேன். அன்று எல்லோர் முன்னாலும் கையைக் கூப்பினேன். "ஒரே ஒரு மாசம் குடுங்க. வேற படம் எடுத்து வெக்கறோமுங்க."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "அழுவாத கண்ணு. பாடுபட்டிருக்கறீங்க, தெரியுது. ஆனா லோடு நாளைக்கு வந்துருதுங்களே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

சாயங்காலம் அட்டைகளைக் கழற்றி, கேமராவை அக்காவின் பையில் வைத்தோம். அந்த வாரம் அவள் முறை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டாள்:

"அடுத்த ஞாயிறு எங்கட்டி வரணும்?"

"போன் பண்றனுங்க்கா" என்றேன். அவள் தலையாட்டினாள். எந்த இடத்தைச் சொல்வதென்று தெரியாமல், அவள் பஸ் ஏறும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.