முதல் கையெழுத்து

பெற்ற மகளுக்கு நானே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். ஒரு நல்ல மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். அதற்காக ஊர்கூடி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்!

மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். இழுத்து இழுத்துச் சொல்லியிருந்தால் பாதியில் நிறுத்திவிடுவேன்... என்னை எனக்குத் தெரியும். மாதந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று சில்லறைப் பாவங்களை எல்லாம் சாமியாரிடம் ஒப்புவிப்பேன். இதை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்புவேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் போயிற்று.

நீங்களும் என்னிடம் படித்தவராக இருக்கலாம். நல்லம்பள்ளிப் பக்கம் ரோஸ்லின் டீச்சர் என்றால் பிரம்புதான் முதலில் நினைவுக்கு வரும். கண்டிப்பானவள், நேர்மையானவள்... கேட்டுக் கேட்டு எனக்கே புளித்துவிட்டது.

எண்பதுகளின் கடைசி. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பார். சினிமா என்றால் அவருக்கு அறவே ஆகாது. எனக்கோ அது உயிர்! சனிக்கிழமை மதியம் தருமபுரியில் மகள் ஸ்டெல்லாவுக்கு இந்தி வகுப்பு என்று அவரிடம் சொல்லிவைத்தேன். இந்தியாவது, வகுப்பாவது! அவளையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். அங்கே நான் மட்டும் மேட்னி ஷோவுக்குப் போவேன்.

அவளை ஏன் சினிமாவுக்கு உடன் அழைத்துப் போகவில்லை என்று கேட்கிறீர்களா? படத்தின் கதையை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்துவிடுவாளே! அது மட்டுமா... மூன்று மணி நேரம் யாருக்கும் டீச்சராக இல்லாமல், யாருக்கும் அம்மாவாக இல்லாமல் உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டேன். அந்த ஆசை தப்பா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. அவளை விட்டுப் போன இடம்தான் தப்பு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடியோ கேம் கடை. பீரோ உயரத்துக்கு மூன்று பெட்டிகள். டோக்கன் போட்டால் கண்ணாடிக்குள் விமானங்கள் பறந்து வரும், சுட்டுத் தள்ளலாம். கடைக்காரர் சிவண்ணா கர்நாடகத்துக்காரர், எங்கள் பேச்சில் பாதியும் கன்னடத்தில் பாதியுமாகப் பேசுவார். ஸ்டெல்லாவை 'மகு' என்பார். அவர்கள் பேச்சில் குழந்தை என்று பொருள். கல்லாவுக்குப் பக்கத்துப் பெட்டியை அவளுக்கென்றே ஒதுக்கி வைப்பார். டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். அவளுக்கு ஒன்பது வயது.

"அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது" என்பேன். அவள் விடவில்லை. என் மகளாயிற்றே!

நாலைந்து மாதங்களில் பிள்ளை மாறிப்போனாள். செபம் சொல்லும்போது கூப்பிய கையில் கட்டைவிரல் மட்டும் துடிக்கும். சோற்றுத் தட்டின் ஓரத்தில் விரலால் சுடுவாள். நான் பார்க்கவில்லையா? பார்த்தேன்... பார்த்துக்கொண்டேதான் அடுத்த சனிக்கிழமைக்குப் புடவை எடுத்து வைத்தேன்.

சிவண்ணாகூட ஒருநாள் சொன்னார்.

"டீச்சரம்மா, வாராவாரம் வேணாங்க. மகு கண்ணு செவந்து போகுது. வூட்டுக்குப் போன்னா அழுவுது."

"உங்க யாவாரத்தை நீங்க பாருங்க" என்றேன். இப்படிச் சொன்னவள் நான்தான்! அந்தச் சொல்லை இன்று என் வாயிலேயே போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்குக் கிளம்பிய ஸ்டெல்லா பள்ளிக்குப் போகவில்லை. மதியத்துக்குள் ஊரே தேடியது. கிணறு கிணறாக எட்டிப் பார்த்தார்கள். என் கொழுந்தனார் கிணற்றில் துழாவப் பாதாளக் கரண்டியோடு ஓடினார். அவள் எங்கே போயிருப்பாள் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை... 'தருமபுரியில் போய்ப் பாருங்கள்' என்று சொன்னால், 'உனக்கெப்படித் தெரியும்' என்று கேட்பார்களே!

மாலை ஐந்து மணி பஸ்ஸில் அவளே வந்து இறங்கினாள். கையைப் பிடித்துக்கொண்டு சிவண்ணா. தனியாக வந்த பிள்ளையைத் தனியாக அனுப்ப மனமில்லாமல், கடையைப் பூட்டிவிட்டு, விசாரித்து விசாரித்து வீடுவரை கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

பிள்ளை தன் கடையில் இருந்தாள் என்று அவர் சொன்னதும் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. "ஒன் கடைதானாய்யா? பச்சப் புள்ளைங்களை இப்புடியா கெடுப்ப?" என்று கொழுந்தனார் அவர் சட்டையைப் பிடித்தார்.

சிவண்ணா என்னைத்தான் பார்த்தார். "டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க..."

ஒரு வார்த்தை போதும். 'நான்தான் கொண்டுபோய் விட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை! கொழுந்தனார் பக்கத்தில் நின்றார். நாளை மறுநாள் கணவர் வருவார். இந்தி வகுப்பு, மேட்னி, எல்லாம் சந்தி சிரிக்கும். நான் ஸ்டெல்லாவின் கன்னத்தில் அறைந்தேன். திரும்பி அவரிடம், "எம் பொண்ணை எதுக்குய்யா கடைக்குள்ள விட்ட?" என்று கத்தினேன்.

கத்தியதோடு விட்டேனா? மனு எழுதினேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். 'இளம் பிஞ்சுகளைப் பாழாக்கும் வீடியோ விளையாட்டுகளை அரசு உடனே தடைசெய்ய வேண்டும்.' அடியில் முதல் கையெழுத்து என்னுடையது. எனக்குக் கீழே ஊரே போட்டது.

தாசில்தார் விசாரணைக்குக் கூப்பிட்டார். அதற்கு முந்தின மூன்று நாட்களும் நான் ஸ்டெல்லாவைத் தயார்செய்தேன். ஞாயிறுதோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், அதாவது வேதபாடம், சொல்லிக்கொடுப்பதும் நான்தான். கேள்வி, பதில்... கேள்வி, பதில்... அதே முறை! 'உன்னைக் கடைக்கு அழைத்தது யார்?' 'கடைக்கார மாமா சும்மா டோக்கன் கொடுத்து அழைத்தார்.' பிசகினால் தொடையில் கிள்ளினேன்.

தாசில்தார் நல்ல மாதிரி. "யாரு கண்ணு உன்னை மொதல்ல அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போனது?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா கைகளைக் கட்டிக்கொண்டாள். கண்களை மூடிக்கொண்டாள். ஞானோபதேசம் ஒப்பிக்கும் அதே ராகத்தில், நீட்டி முழக்கி, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள்!

எதிரில் நின்ற சிவண்ணாவுக்கு, இது சொல்லிக்கொடுத்த பாடம் என்று ராகத்திலேயே புரிந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"கடையை மூடிடறேன் சாமி. மகுவை இதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க" என்றார்.

நாங்கள் எழுந்திருக்கும்போது தாசில்தார் என்னிடம் சொன்னார். "கடைக்குப் பூட்டுப் போட எனக்கு அதிகாரம் இருக்குங்க டீச்சர். புள்ளையைப் பாத்துக்கற வேலை எங்க ஆபீஸ்ல இல்லைங்க." நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மூன்று பெட்டிகளையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு சிவண்ணா எந்த ஊருக்குப் போனாரோ... நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே என்று பயந்தேன்.

அடுத்த மாதம் ஸ்டெல்லாவுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கு முன் முதல் பாவசங்கீர்த்தனம். கோயில் வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, தாசில்தார்கிட்டச் சொன்னதை சாமிகிட்டச் சொல்லணுமா?"

"வேணாம். அது உன் பாவமில்லை."

"அப்ப யாரு பாவம்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு? "கடைக்காரனோடது" என்று சொன்னேன்!

அவள் உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். சாமியாரிடம் சொன்னாளா இல்லையா... இன்றுவரை நான் கேட்கவில்லை. என் கணவர் கண்மூடும்வரை அவரிடம் அவள் சொல்லவில்லை. மூச்சு விடக்கூடாது என்று நான் சொன்னதை இத்தனை காலமாகக் காப்பாற்றுகிறாள்.

போன வாரம் எங்கள் கோயில் பங்கிலிருந்து தாய்மார்கள் சிலர் வந்தார்கள். பிள்ளைகள் செல்போனும் கையுமாய்க் கிடக்கிறார்களாம். விளையாட்டு நேரத்துக்கு அரசாங்கம் வரம்பு வைக்க வேண்டுமாம். "அந்தக் காலத்துலயே போராடின டீச்சர் நீங்க, உங்க கையெழுத்துதாங்க மொதல்ல வேணும்" என்று தாளை நீட்டினார்கள்.

வரம்பு வேண்டாம் என்றா சொல்கிறேன்? வைக்கட்டும், நன்றாக வைக்கட்டும்! ஆனால் 'பெற்றவளாகிய நான்' என்று தொடங்கும் ஒரு வரி அந்தத் தாளில் இல்லை. அன்று நான் எழுதிய மனுவிலும் இல்லை.

ஸ்டெல்லா ஊரிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கும் ஒரு பையன் இருக்கிறான். அவனை என்னிடம் ஒரு மணி நேரம்கூடத் தனியே விட்டதில்லை. என் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"போடும்மா. மொதல் கையெழுத்து எப்பவும் உன்னோடதுதானே."

குரலில் கோபம் இல்லை. ஆனால் அந்த ராகம்... அதே ராகம்! வந்தவர்களுக்கு எப்படிப் புரியும்? சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

கை நடுங்காமல் போட்டேன்.