வெர்சோவாவில் ஒரு வெங்காய சாம்பார்

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் எனக்கென்று ஓர் அடுப்பு வாய்க்கவில்லை. மாட்டுங்காவில் இரண்டு அறையும் ஒரு பால்கனியும் உள்ள வீடு. அதில் மாமனார், மாமியார், இரண்டு மைத்துனர்கள், நாத்தனார், நாங்கள் இருவர், எங்கள் கைக்குழந்தை. சமையலறை மாமியாரின் ராஜ்யம். நான் நறுக்குவேன், அரைப்பேன், பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பேன். கரண்டி மட்டும் என் கைக்கு வராது. வெங்காயம் அந்த வீட்டு வாசற்படியை மிதித்ததே கிடையாது. என் வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வரும்போது ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் வெங்காய சாம்பாரில் இட்லியை முக்கிச் சாப்பிட்டுவிட்டு, வாயில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். எனக்கு அது தெரியும். மாமியாருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் பின்னால் நின்று பார்க்காமல், நானே ஒரு முழுச் சமையல் செய்ய வேண்டும். அதில் வெங்காய சாம்பார் இருக்க வேண்டும். இவ்வளவுதான். அந்த ஆசை நிறைவேறிய நாளில்தான் என் பெண் என் கையை விட்டுப் போகப் பார்த்தாள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் லீவு. வெர்சோவா கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்களின் குடிசைகளை ஒட்டி ஒரு கிறிஸ்தவ அம்மாளுக்கு வீடு இருந்தது. பின்கட்டை லீவுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். ஆபீஸில் யாரோ சொல்லி இவர் ஏற்பாடு செய்துவிட்டார். ஒரு அறை, அதிலேயே ஒரு மூலையில் சமையல் மேடை, கரி போட்டு எரிக்கிற சிகடி அடுப்பு ஒன்று, அரை மூட்டை கரி. கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. புறப்படும்போது மட்டும் வாசல் வரை வந்தார். "அவா பாத்திரத்தத் தொட்டுடாதே. குழந்தைய ஈரக் காத்துல வைக்காதே. காக்காய்க்கு வைக்காம சாப்டாதே" என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் டிரங்குப் பெட்டியில் வெண்கலப் பானை, வாணலி, ஈயச்சொம்பு, கரண்டி எல்லாம் இருந்தன. அந்தேரியில் இறங்கி பஸ்ஸுக்கு நின்றபோது இவர் போய்ச் சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு வந்தார். திருட்டுச் சாமானைக் கொடுப்பதுபோல என் பையில் போட்டார். இருவரும் சிரித்தோம்.

முதல் நாள் கொண்டுபோன புளியோதரையையும் தயிர் சாதத்தையும் சாப்பிட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜன்னல்கள் திறந்தே இருந்தன. மறுநாள் காலை காற்று திசை மாறியது. ஜன்னலுக்கு எதிரே மூங்கில் கட்டி, கொடியில் துணி உலர்த்துவதுபோல, பொம்பில் மீனை வரிசை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வாடை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதைச் சொல்லி விளக்க முடியாது, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இத மோந்துண்டே எப்படிச் சாப்பிடறது?" என்று இவர் இரண்டு ஜன்னலையும் சாத்தினார். பலகை இடுக்கில் வாடை வந்தது. பழைய பேப்பரைக் கிழித்து, மடித்து, ஒவ்வோர் இடுக்கிலும் பேனாக்கத்தியால் செருகினார். ஆபீஸ் வேலையைக்கூட அவ்வளவு கவனமாகச் செய்திருப்பாரா தெரியாது. கதவுக்கு அடியில் நான் என் பழைய புடவையைச் சுருட்டி அடைத்தேன். வாடை நின்றது. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

சிகடியை முன்னதாகவே வெளியில் மணலில் வைத்துப் பற்றவைத்திருந்தேன். புகை முழுவதும் அடங்கி, கரி கனிந்து சிவந்த பிறகுதான் இவர் அதை உள்ளே தூக்கி வந்தார். மாட்டுங்காவிலும் அப்படித்தான். பால்கனியில் பற்றவைப்போம், புகை நின்றதும் உள்ளே கொண்டுவருவோம். புகைதான் பொல்லாதது, புகை போன நெருப்பு சாது என்று எங்கள் வீடுகளில் எல்லோரும் நம்பியிருந்தோம். அந்த வீட்டில் பால்கனிக் கதவை ஒருநாளும் யாரும் சாத்தியதில்லை என்பது எங்கள் இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கார அம்மாள் புது கவுன் போட்டுக்கொண்டு கதவைத் தட்டினாள். ஒரு தட்டில் கேக் கொடுத்தாள். சர்ச்சுக்குப் போய்விட்டு அப்படியே பாந்திராவில் மகள் வீட்டுக்குப் போவதாகவும், திரும்பப் பொழுது சாய்ந்துவிடும் என்றும் ஹிந்தியில் சொன்னாள். கேக்கில் முட்டை இருக்கும் என்று அதை மேடை ஓரமாக ஒதுக்கிவைத்தேன். அவள் போனதும் கதவைச் சாத்திப் புடவையைத் திரும்ப அடைத்தேன். முன்கட்டில் இனி ஆள் கிடையாது. அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

குழந்தையைத் தூளியில் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டினேன். தூங்கிவிட்டாள். இவள் தூங்குவது லேசில் நடக்கிற காரியமில்லை. மாட்டுங்கா வீட்டில் ஒரு ஸ்பூன் விழுந்தால் போதும், அலறிக்கொண்டு எழுந்துவிடுவாள். ஆகையால் அவள் விழிப்பதற்குள் சாதமும் சாம்பாரும் மட்டும் முடித்துவிடலாம் என்பது என் திட்டம்.

சாதம் வடித்தேன். குழந்தை எழவில்லை. பருப்பு வெந்ததும் பழக்க தோஷத்தால் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் புளியும் பொடியும் கரைத்து, வதக்கிய வெங்காயத்தைப் போட்டேன். அறை முழுக்க அந்த மணம். குழந்தை இன்னும் எழவில்லை. சரி, என் காட்டில் மழை என்று உருளைக்கிழங்கை நறுக்கி வாணலியில் போட்டேன். ரோஸ்ட் முறுகும் வரை நின்று கிளறினேன். தூளி அசையவில்லை. பாதிச் சாதத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து கலந்தேன். அப்புறம் சேமியாப் பாயசம். அவள் தூங்கத் தூங்க நான் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனேன். கரி தணியும்போதெல்லாம் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டேன். என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

நடுவில் ஒருமுறை இவர் எழுந்து தூளியை விலக்கிப் பார்த்தார். "கன்னம் ரெண்டும் எப்படிச் செவந்திருக்கு பாரு. கடல்காத்து நன்னா ஒத்துண்டிருக்கு" என்றார். நானும் எட்டிப் பார்த்துப் பூரித்துப்போனேன். கடல் காற்றை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அதைப் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் இவர் படித்துக்கொண்டிருந்ததைக் கீழே போட்டார். தலையைப் பிளக்கிறது என்று பாயில் சாய்ந்தார். "வாடைதான். எங்கேயோ இன்னும் இடுக்கு இருக்கு" என்றார். நான் போய் ஜன்னல் பேப்பரை இன்னும் உள்ளே அழுத்திவிட்டு வந்தேன். எனக்கும் நெற்றிப்பொட்டு தெறித்தது. அடுப்புச் சூடு என்று நினைத்தேன். பாயசத்துக்குச் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று நின்று யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கை தளர்ந்து, கரண்டி நழுவிக் கல்தரையில் விழுந்தது. வெண்கலக் கரண்டி. அறையே அதிர்ந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு தூளியைப் பார்த்தேன். அசையவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. இலை போட்டேன். "ஏன்னா, எழுந்திருங்கோ. காக்காய்க்கு வெச்சுட்டு வந்துடறேன்" என்றேன்.

இவர் கண்ணைத் திறக்காமல் பேசினார். நாக்கு குழறியது. "வெங்காய சாம்பார பித்ருக்களுக்குப் போடுவியா? அம்மா இங்க இல்ல. விடு."

விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. கதவைத் திறந்தால் வாடை வரும், அடைத்த புடவையை மறுபடி எடுத்து மறுபடி செருக வேண்டும். நான் இலைமுன்னால் உட்கார்ந்தும்விட்டேன். அப்போது எதிரே அந்தப் பருப்புக் கிண்ணம் தெரிந்தது. வெங்காயம் படாத பருப்பு, மேலே ஏடு படிந்து, எனக்காகக் காத்திருந்தது. மாட்டுங்காவுக்குப் போனதும் மாமியார் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார். எனக்குப் பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பித்ருக்களிடம் இருந்த பயத்தைவிட மாமியாரிடம் இருந்த பயம் பெரிது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வெறும் சாதத்தில் பருப்பும் நெய்யும் விட்டு ஓர் உருண்டை பிடித்தேன். புடவையைக் காலால் தள்ளிக் கதவைத் திறந்தேன்.

காற்று முகத்தில் அறைந்தது. வாசலில் துணி துவைக்கிற கல் ஒன்று இருந்தது. அதன்மேல் சாதத்தை வைத்துவிட்டு "கா கா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. தரை ஒருபக்கமாகச் சாய்ந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு மணலில் வாந்தி எடுத்தேன். அங்கேயே குந்தி மூச்சு வாங்கினேன். நாலு மூச்சுக்குப் பிறகு தலைக்குள் ஏதோ விலகியது. முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கரண்டி. அவ்வளவு பெரிய சத்தம். என் பெண் ஏன் அழவில்லை?

உள்ளே எப்படிப் போனேன் என்று தெரியாது. தூளியிலிருந்து அவளை அள்ளியபோது கழுத்து என் கைமேல் தொங்கிவிட்டது. உடம்பு கதகதப்பாக இருந்தது. முகம் அழகாகச் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. இவரைக் காலால் உதைத்தேன். முனகினார், எழவில்லை. குழந்தையோடு வெளியே ஓடி வந்து கத்தினேன்.

மூங்கிலடியில் மீன் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். "காய் ஜாலா? காய் ஜாலா?" என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. ஒருத்தி குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். இரண்டு பேர் உள்ளே போய் இவரைக் கையையும் காலையும் பிடித்து மணலுக்கு இழுத்து வந்தார்கள். வாயெல்லாம் நுரை, ஆனால் கண் திறந்து மூடியது. குழந்தையை வைத்திருந்தவள் மணலில் உட்கார்ந்து, செதில் ஒட்டிய கையால் அவள் உள்ளங்காலைத் தட்டினாள், முதுகைத் தேய்த்தாள், முகத்தில் ஊதினாள். தலைக்கு மேலே பொம்பில் மீன்கள் ஆடிக்கொண்டிருந்தன. நான் எந்தத் தெய்வத்தையும் கூப்பிடவில்லை. ஒரு பெயரும் வாயில் வரவில்லை. அழு, அழுடி என்று அவளையேதான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்று என்று எனக்குக் கணக்குத் தெரியாது.

முதலில் ஒரு விக்கல். பிறகு ஒரு சின்ன முனகல். அப்புறம் அழுதாள். மாட்டுங்கா வீட்டில் எந்த அழுகைக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் நுனிக்காலில் நடப்போமோ அதே அழுகை. அந்தப் பெண் குழந்தையை என் மடியில் போட்டாள். குழந்தையின் தலைமயிரெல்லாம் மீன் வாடை. நான் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அந்தேரியில் ஒரு டாக்டர் இவரையும் குழந்தையையும் பார்த்தார். மூடிய அறையில் கரி கனிந்தால் வாசனையும் நிறமும் இல்லாமல் ஒரு விஷம் எழும், குழந்தையின் கன்னம் சிவந்ததும் அதனால்தான் என்றார். கதவு இன்னும் கொஞ்ச நேரம் மூடியிருந்தால், என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சாமான்களை எடுக்க அறைக்குத் திரும்பினோம். கதவு அப்படியே திறந்து கிடந்தது. உள்ளே காக்கைகள் நடமாடிக்கொண்டிருந்தன. இலை கிழிந்திருந்தது. உருளைக்கிழங்கு ஒரு துண்டு மிச்சமில்லை. பாயசம் கொட்டிக் கிடந்தது. கேக்கையும் விட்டுவைக்கவில்லை. சாம்பார்ப் பாத்திரம் கவிழ்ந்து, வெங்காயத்தைப் பொறுக்கித் தின்றிருந்தன. அவ்வளவு ஆசையாகச் செய்த சாம்பாரில் எனக்கு ஒரு சொட்டுகூடக் கிடைக்கவில்லை. பித்ருக்கள் மட்டும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாளே மாட்டுங்காவுக்குத் திரும்பிவிட்டோம். நடந்ததை வீட்டில் சொல்வதில்லை என்று ரயிலில் வரும்போதே இவர் சொல்லிவிட்டார். மாமியார் குழந்தையை வாங்கி உச்சி மோந்தவர் முகத்தைச் சுளித்தார். "என்னடி இது, குழந்தை மேல மீன் நாத்தம்?"

"ஊரே அப்படித்தாம்மா."

"காக்காய்க்கு வெச்சியோ?"

"வெச்சேன்."

"சாப்டுத்தோ?"

"எல்லாத்தையும் சாப்டுத்தும்மா."

அவர் திருப்தியாக உள்ளே போனார். பயணக் களைப்பில் குழந்தை அன்று மத்தியானம் தூளியில் தூங்கிப்போனாள். வீட்டில் அத்தனை பேர் பேச்சுக்கும் நடுவில் அசையாமல் தூங்கினாள். பால்கனிக் கதவு அகலத் திறந்திருந்தது. நான் அதைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். அப்படியும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக்குப் போய் வெண்கலக் கரண்டியை எடுத்துவந்து, தூளிக்குப் பக்கத்தில் தரையில் போட்டேன்.

அலறிக்கொண்டு எழுந்தாள். அள்ளி எடுத்துக்கொண்டேன். "கைல என்ன வெண்ணெயா தடவிண்டிருக்கே?" என்று மாமியார் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். அதன் பிறகு அவள் கொஞ்சம் நீளமாகத் தூங்கும்போதெல்லாம் அந்த வீட்டில் ஒரு கரண்டி விழும். கை நிதானமில்லாதவளை அடுப்பண்டை விடுவதாவது என்று மாமியார் வெகுநாள் வரை என்னைச் சமைக்க விடவில்லை. நானும் கேட்கவில்லை.