மலையூரில் ஒரு கம்பளிச் சட்டை

பிரிட்டிஷ் இந்தியப் பட்டாள லாரிக்குத் தண்ணீர் எடுக்க நானும் ஆட்டையாம்பட்டிச் செங்கோடனும் இந்த இத்தாலிய மலையூருக்குள் ஏறி வந்திருக்கிறோம். நாமக்கல்லைப் போலப் பாறை உச்சியில் பழைய கோட்டை. ஆனால் இங்கே ஊரே உச்சியில்தான் இருக்கிறது, வயல்கள் எங்கோ கீழே. எந்தச் சந்து எங்கே போகிறதென்று பிடிபடவில்லை.

தண்ணீர்த் தொட்டியருகே ஒரு பெண் எங்களைப் பார்த்து, "இந்தியா?" என்கிறாள். பட்டாள உடுப்பில் நிற்கும் பையனின் படத்தைக் காட்டித் தன் வயிற்றைத் தொடுகிறாள். அவள் பேசுவதில் "பெங்களூர்" மட்டும் புரிகிறது. எங்கள் சேலத்துக்கு அவ்வளவு தூரமில்லாத ஊரின் பெயரைக் கேட்ட சந்தோஷத்தில் வேகமாகத் தலையாட்டுகிறேன்.

உடனே வீட்டுக்குள் ஓடி, கம்பளிச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் திணிக்கிறாள்.

"ஏனுங்க, அவிய பையன் சண்டையில நம்மாளுககிட்டப் புடிபட்டு பெங்களூர்ல கைதியா இருக்கறானாட்ட இருக்குதுங்க. நீங்க ஊருக்குப் போறீங்கன்னு நெனச்சுக்கிட்டாங்க. திருப்பிக் குடுத்துருங்க," என்கிறார் செங்கோடன்.

"நாங்க சண்டைக்குப் போறமுங்கம்மா," என்று தமிழிலேயே சொல்லி நீட்டுகிறேன். அவள் அதை இன்னும் சிறிதாக மடித்து என் பைக்குள் வைக்கிறாள். பிறகு என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு வார்த்தையை மெதுவாகச் சொல்கிறாள். நானும் அதைச் சொல்லும்வரை விடுவதாயில்லை.

சொல்லிவிடுகிறேன். அவள் அழுகிறாள். என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.